ஊர்கீசாவின் தாடை

அபுந்தியோ வந்தபோது கசில்தா பசை காய்ச்சிக்கொண்டிருந்தாள். கோதுமை மாவுப் பசைக்கு முகதாட்சணியம் கிடையாது. கிண்டுகிற கை ஒரு நிமிஷம் நின்றால் அடிபிடித்துவிடும். கொழுந்தன் கதவை முழங்காலால் தள்ளித் திறந்து, தோளில் இருந்த அட்டைப்பெட்டியைத் தொப்பென்று வேலை மேசையில் இறக்கினான். அப்போதும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"மேசையில ஈரம் இருக்கு."

"இருக்கட்டும் அண்ணி. உள்ள இருக்கிறது துணிதான்."

மார்ச் மாதக் கடைசி. மழை பெய்து ஐந்து மாதமாகியிருந்தது. முற்றத்துக்குப் பின்னால் ஓடும் தண்டவாளத்தில் சோளம் ஏற்றிய கூட்ஸ் வண்டி போனால் கால் மணி நேரத்துக்குப் புழுதி அடங்காது. அந்தப் புழுதி, கொடியில் காயும் ஈர முகங்களின் மேல் படிந்துவிடும். லா கரித்தா வட்டாரத்தில் காகித முகம் செய்கிற குடும்பங்கள் நாலு. அவற்றில் தண்டவாளத் தெருவில் மிச்சமிருந்தது கசில்தா, நிகனோர் தம்பதியின் வீடு மட்டும்தான். தெருவின் முதல் வீடும் இப்போது அதுதான், கதவிலக்கம் எட்டாக இருந்தாலும்.

அபுந்தியோ பெட்டியைப் பிரித்தான். ஊதா நிறத்தில் ஏப்ரான், ஊதா நிறத்தில் தொப்பி, ஊதா நிறத்தில் சந்தைப்பை. எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: 'லாந்தேரோஸ். புது முகம்.'

"இதெல்லாம் துணியாவே கொடுக்குறாங்களே, என்ன விஷயம்?" உள்ளே இருந்து வந்த நிகனோர் கேட்டார்.

"சட்டம் அண்ணே. தேர்தலுக்கு இனாம் கொடுத்தா துணியிலதான் கொடுக்கணும். வாளி, தட்டு, சுவர்க்கடிகாரம் எல்லாம் போச்சு."

"நல்ல வேளை முந்தியே வாங்கி வெச்சோம்," என்றாள் கசில்தா. காய்ச்சிய பசையை அவள் ஊற்றிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் வாளியில் ஏதோ ஒரு வேட்பாளர் பாதி அழிந்த பல்லோடு சிரித்துக்கொண்டிருந்தார். "உன் ஆளு கொடுக்கிற ஏப்ரான்ல பசை நிக்காது."

"ஏப்ரான் உங்களுக்கு இல்ல. உங்களுக்கு வேலை கொண்டுவந்திருக்கேன்." ஒரு பெரிய வண்ணப்படத்தை எடுத்து விரித்தான். நாற்பதுக்கு உட்பட்ட ஆள், சவரம் செய்த முகம், அகலமான தாடை. "ரொஹேலியோ லாந்தேரோஸ். மேயருக்கு நிக்குறாரு. இருநூறு முகமூடி. பிரச்சாரம் தொடங்குற அன்னிக்கு இருநூறு பேர் இவர் முகத்தைப் போட்டுக்கிட்டு ஆடிட்டு வரணும். பத்து நாள்ல வேணும்."

"துணியிலதான் கொடுக்கணும்னியே."

"அது இனாமுக்கு. இது கலாச்சாரம்."

நிகனோர் சிரித்தார். கசில்தா சிரிக்கவில்லை. "பத்து நாள்ல இருநூறு முகம். வெயில் என்ன உன் கட்சியா, சொன்னபடி அடிக்க?"

"அண்ணி, நான் சும்மா வந்து நிக்கல." அபுந்தியோ குரலைத் தாழ்த்தினான். "தண்டவாளத் தெருவுக்குப் பட்டா. படம் போட்டாச்சு, அளந்தாச்சு. இப்ப நகராட்சியில இருக்கிறதும் அவங்க கட்சிதான். செயலாளர் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. முகமூடி நல்லா அமைஞ்சா முதல் பட்டா எட்டாம் நம்பருக்குன்னு என் கையைப் பிடிச்சுச் சொன்னாரு."

நிகனோர் மனைவியைப் பார்த்தார். அவருக்கு அறுபத்திரண்டு வயது. பட்டா என்ற சொல்லைக் கேட்டதும் அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததை அவளும் பார்த்தாள்.

"படத்தை அந்தக் கொடியில மாட்டிட்டுப் போ," என்றாள்.

*

ஒரு முகத்துக்கு முதலில் களிமண் பிடிக்க வேண்டும். அதன்மேல் சாந்து ஊற்றி அச்சு எடுக்க வேண்டும். அச்சின் உள்பக்கம் பன்றிக்கொழுப்பு தடவி, கிழித்த காகிதத்தைப் பசையில் தோய்த்து நாலு அடுக்கு ஒட்டி, வெயிலில் வைத்தால் மறுநாள் முகம் தானாகக் கழன்று வரும். களிமண்ணும் அச்சும் நிகனோர் வேலை. கொழுப்பிலிருந்து வர்ணம் வரைக்கும் கசில்தா.

இரண்டு நாள் நிகனோர் களிமண்ணோடு மல்லுக்கட்டினார். மூன்றாம் நாள் காலையில் மேசைமேல் அச்சு இருந்தது. இவ்வளவு சீக்கிரமா என்று கேட்டதற்கு, "வந்துடுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு நாணல் வாங்கப் போவதாகக் கிளம்பினார். நாணலுக்கு இப்போது என்ன அவசரம் என்று அவளுக்குப் புரியவில்லை.

கொழுப்பு தடவக் கண் வேண்டியதில்லை, விரல் போதும். நெற்றி, கண்குழி, மூக்குத்தண்டு, மேலுதடு. மேலுதட்டில் புதிதாகச் சாந்து அடைத்த சொரசொரப்பு. அங்கிருந்து இடது தாடைக்கு இறங்கியபோது கொண்டைக்கடலை அளவு ஒரு குழி அவள் விரலில் தட்டுப்பட்டது. சாந்து ஊற்றும்போது காற்றுக்குமிழ் நின்ற இடம். இந்த அச்சில் எடுத்த முகத்துக்கு அந்த இடத்தில் ஒரு மரு வரும்.

கசில்தா கையை எடுத்துவிட்டாள். பிறகு மறுபடி வைத்துப் பார்த்தாள்.

நிகனோர் திரும்பி வந்தபோது அவள் அடுப்புக்கரியால் கொடியில் தொங்கிய படத்தின் மேலுதட்டில் அடர்த்தியாக மீசை வரைந்து முடித்திருந்தாள்.

"யோவ். இது யாரு?"

அவர் நாணல் கட்டைக் கீழே வைத்தார். கையில் வேறு வேலை இல்லாததால் தொப்பியைக் கழற்றினார்.

"மூணு தடவை களிமண்ணுல பிடிச்சேன். தாடை வரல. ஒரு ஆத்திரத்துல பரணிலேருந்து அந்தப் பழைய அச்சை இறக்கி வெச்சுப் பாத்தேன். படம் வந்து அதுல உக்காந்துடுச்சு, கசில்தா. நான் மீசைக்குழியை மட்டும்தான் சாந்து வெச்சு அடைச்சேன்."

"எரிச்ச முகத்தை விக்கிறதா?"

"எல்லாத்துக்கும் ஒரு..."

"எரிச்ச முகத்தை விக்கிறதான்னு கேட்டேன்."

லா கரித்தாவில் தவக்காலம் முடிகிற பெரிய சனிக்கிழமை காலையில் வெடி கட்டிய யூதாஸ் பொம்மை எரிப்பார்கள். அந்த வருஷம் யார் ஊரை ஏமாற்றினார்களோ அவர்கள் முகம்தான் யூதாசுக்கு. எரித்து முடித்தால் அந்த அச்சைச் சாக்கில் சுற்றிப் பரணில் சுவரைப் பார்க்க வைத்துவிடுவார்கள். அதிலிருந்து இன்னொரு முகம் எடுத்துக் காசு பார்ப்பதில்லை. அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் நாலு குடும்பத்திலும் அதை மீறியவர் இல்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் எரித்த முகம் ஊர்கீசாவுடையது. அப்போதைய மேயர். ரயில்வே நிலத்தில் மொத்தக் காய்கறிச் சந்தை கட்டுவதாகச் சொல்லி, மண்வாரி இயந்திரங்களைத் தெருவின் தென்கோடியில் கொண்டுவந்து நிறுத்தினான். ஒன்றாம் நம்பரிலிருந்து ஏழாம் நம்பர் வரைக்கும் இரண்டு நாளில் இடித்தார்கள். ஏழாம் நம்பர் கசில்தாவின் தங்கை ஒப்துலியாவின் வீடு. அடுப்பில் பீன்ஸ் வெந்துகொண்டிருந்ததாகவும், சட்டியை எடுத்துக்கொள்ள விட்டார்கள் என்றும் ஒப்துலியா பிறகு சொல்வாள், அதை ஒரு சலுகை போல. எட்டாம் நம்பரைத் தொடுமுன் ஊர்கீசாவின் பதவிக்காலம் முடிந்துவிட்டது. சந்தையும் வரவில்லை. அந்தப் பெரிய சனிக்கிழமை யூதாசுக்குத் திரி கொளுத்தியவள் ஒப்துலியா. யாருக்கு அடி அதிகமோ அவர்கள்தான் கொளுத்த வேண்டும். கொளுத்திவிட்டு அந்த வாரமே எல்லை தாண்டி ஹூஸ்டனுக்குப் போனவள்தான். ஓட்டல் அறைகள் பெருக்குகிறாள். திரும்பி வரவில்லை.

*

அபுந்தியோ அன்று மதியம் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்தான். தவக்காலம் என்பதால் இறைச்சி இல்லை. கள்ளி மடலும் காய்ந்த இறால் வடையும் மிளகாய்க் குழம்பில் கொதித்துக்கொண்டிருந்தன. கசில்தா அவனுக்குத் தட்டு வைத்தாள். சோள ரொட்டியை மட்டும் தன் பக்கமே வைத்துக்கொண்டாள்.

"உன் லாந்தேரோஸ் முழுப் பேர் என்ன?"

"ரொஹேலியோ லாந்தேரோஸ்."

"அது அம்மா வீட்டுப் பேரு. ஊர்ல எல்லாருக்கும் அப்பா வீட்டுப் பேரு முன்னால வரும், அம்மா வீட்டுப் பேரு பின்னால வரும். இவனை மட்டும் அம்மா தனியாப் பெத்தாளா?"

அபுந்தியோ குழம்பைக் கிளறினான். "ரொட்டி கொடுங்க அண்ணி."

"பேரைச் சொல்லு, ரொட்டி தர்றேன்."

"...ஊர்கீசா லாந்தேரோஸ்."

நிகனோர் கண்ணை மூடிக்கொண்டார்.

"தெரிஞ்சேதான் கொண்டுவந்தியா?"

"தெரியும். அதுக்கென்ன? அப்பன் செஞ்சதுக்கு மகன் என்ன செய்வான்? அவன் அப்பனோட பேசியே பத்து வருஷமாச்சு. கட்சி வேற, கொடி வேற."

"தாடை ஒண்ணு."

"தாடைக்கா ஓட்டுப் போடுறோம்?" அபுந்தியோ ஸ்பூனை வைத்தான். "நீங்க பேசுவீங்க. உங்களுக்கு எப்பவும் கோவம் ஒரு சொத்து. எனக்கும் இந்தத் தெருவுலதான் வீடு, பதினோராம் நம்பர். பொழுது விடிஞ்சா எந்த மேயர் எந்த இயந்திரத்தை அனுப்புவானோன்னு படுத்திருக்கேன். பட்டான்னு ஒருத்தன் சொல்றான். அவன் பேய்க்குப் பிறந்தவனா இருந்தா எனக்கென்ன?"

"ஒப்துலியாகிட்ட போன் பண்ணிச் சொல்லு, அதை."

"ஒப்துலியா வந்து இங்க இருக்கப்போறதில்ல. இருக்கிறது நாம."

ரொட்டித் துணியை அவன் பக்கம் தள்ளினாள். அது சமாதானத்துக்கு இல்லை. சொன்ன பேச்சுக்காக.

அவன் போன பிறகு நிகனோர் சொன்னார்: "தாடையில கொஞ்சம் களிமண் வெச்சுக் குறைச்சுடலாம். யாருக்கும் தெரியாது."

"எதுக்கு? படத்தைப் பாத்துச் செய்யச் சொன்னாங்க. படம் மாதிரியே இருக்கு."

"அப்ப செய்யலாம்கிறியா?"

"நீ என் முகத்தைப் பாரு. செய்யலாம்னு சொல்ற முகமா இது?" தட்டுகளை அடுக்கினாள். "சாகும்போது சொந்த வீட்டுல சாகணும்னு உனக்கு ஆசை. எனக்கு மட்டும் இல்லையா? காகிதத்தைக் கிழி."

அச்சிலிருந்து மேலும் முப்பது அச்சு எடுத்தார்கள். நாளொன்றுக்கு முப்பது முகம். சிமெண்ட் சாக்குக் காகிதம், பழைய நாளிதழ், நாலாவது அடுக்குக்குப் போன தேர்தலின் சுவரொட்டி. அந்தக் காகிதம் கெட்டி, வேறு எதிலும் அவ்வளவு விறைப்பு வராது. தாடையில் வந்த மருவைக் கத்தியால் சீவி எறிந்தாள். இருநூறு தடவை சீவினாள்.

*

ஒன்பதாம் நாள் வேட்பாளரே வந்துவிட்டார். கூடவே ஒரு புகைப்படக்காரன், தலைநகரிலிருந்து வந்திருந்த பிரச்சார ஒருங்கிணைப்பாளர் ஹிமேனா, பின்னால் அபுந்தியோ. ஹிமேனாவுக்கு முப்பது வயதிருக்கும். புழுதியில் வெள்ளைக் காலணி போட்டு வந்திருந்தாள். கொடிகளில் நாலு வரிசையாகத் தொங்கிய முகங்களைப் பார்த்ததும் கைதட்டினாள்; மரியாதைக்கு 'தோன்யா' சேர்த்தே கூப்பிட்டாள்.

"பிரமாதம், தோன்யா கசில்தா. நிறம் மட்டும் இன்னும் ஒரு சுற்று வெளுப்பா இருக்கலாம். கண்ணுல கொஞ்சம் தேன் நிறம்."

"அவருக்குக் கண்ணு கருப்புதானே?"

"நேர்ல கருப்பு. படத்துல தேன் நிறம்."

புகைப்படக்காரன் லாந்தேரோசை முகங்களுக்கு நடுவில் நிற்கச் சொன்னான். அவர் சிரித்துக்கொண்டே ஒன்றைக் கழற்றிக் கையில் எடுத்தார். சிரிப்பு அப்படியே இருந்தது. கட்டைவிரல் மட்டும் முகமூடியின் தாடை ஓரமாகப் போய், மரு சீவிய இடத்தில் நின்றது.

"இதுக்கு மீசை இருந்துச்சு," என்றார்.

"இருந்துச்சு, லிசென்சியாதோ," என்றாள் கசில்தா. படித்த ஆள் யாரானாலும் அந்தப் பட்டம்தான் அங்கே. "எடுத்துட்டோம்."

"அச்சு எங்க?"

அவள் காட்டினாள். குப்புறக் கிடந்த அச்சை அவர் திருப்பவில்லை. புகைப்படக்காரனை வெளியே போகச் சொன்னார். ஹிமேனாவிடம், "இது வேண்டாம். ஒண்ணு விடாம அழிச்சிடச் சொல்லு" என்றார்.

அபுந்தியோவின் முகம் செத்துவிட்டது. "லிசென்சியாதோ, இன்னும் ஒரு நாள் கொடுத்தா தாடையை..."

"சும்மா இரு."

வாசல்வரை போனவர் அங்கேயே நின்றார். தண்டவாளத்தின் பக்கம், ஏழு வீடுகள் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தார். கழுதை ஒன்று அங்கே முள்செடியை மென்றுகொண்டிருந்தது.

"அன்னிக்கு எரிச்சப்போ நான் அந்த முனையில கார்ல இருந்தேன். பத்தொன்பது வயசுக்கு மேல அப்பா கூட ஒரே மேசையில சாப்பிட்டதில்ல. பாத்துட்டுத்தான் போனேன், கடைசி வெடி வரைக்கும்." திரும்பினார். "இந்தச் சனிக்கிழமை அவரை மறுபடி செய்யுங்க. நாலு மீட்டர் உசரத்துக்கு, மீசையோட. நான் கொளுத்துறேன்."

ஹிமேனா ஏற்கெனவே போனில் தட்டிக்கொண்டிருந்தாள். "மகன் அப்பாவைக் கொளுத்துறார். கடவுளே, இதை யாரும் செஞ்சதில்லை. வயித்துக்குள்ள என்ன போடுவீங்க வழக்கமா?"

"ரொட்டி, மிட்டாய், ஆரஞ்சு," என்றார் நிகனோர். "வெடிச்சதும் ஜனங்க பொறுக்கிக்கும்."

"ஏப்ரானும் தொப்பியும் போடலாம். துணிதான், சட்டப்படி சரி."

"கொளுத்துறது எங்க கை," என்றாள் கசில்தா. "அடிபட்டவங்கதான் கொளுத்தணும்."

லாந்தேரோஸ் அவளை நேராகப் பார்த்தார். "நானும் அடிபட்டவன்தான், தோன்யா."

அவர் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"பட்டிருப்பீங்க. ஆனா உங்க வீடு நிக்குது, லிசென்சியாதோ."

ஹிமேனா ஊதா நிறக் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தாள். அது நிஜமான தாள். நகராட்சி முத்திரை, அளவுப்படம், மனை எண் எட்டு, நிகனோரின் இரண்டு குடும்பப் பெயரும் பிழையில்லாமல். கீழே ஒரு கோடு மட்டும் காலி.

"சனிக்கிழமை மேடையில, எரிச்சு முடிச்ச கையோட, செயலாளர் கையெழுத்துப் போடுவார்," என்றாள்.

நிகனோர் தன் பெயரைத் தொடப் போனார். கையில் பசை இருந்ததால் தொடாமல் எடுத்துக்கொண்டார்.

*

யூதாசுக்கு வழக்கமாக வீடு வீடாகப் போய்க் காசு பிரிப்பார்கள். முட்டை விற்கிறவள் முட்டை கொடுப்பாள், இல்லாதவர்கள் பழைய நாளிதழ் கொடுப்பார்கள். அந்த வருஷம் கசில்தா தகரடப்பாவோடு போனபோது ரொட்டிக்கடை எலோதியா கடைக்கு உள்ளிருந்தே பேசினாள்.

"உனக்கு எதுக்குடி என் காசு? மகன் காசுல அப்பனை எரிக்கிறீங்களாமே."

"யார் சொன்னா?"

"சுவர் சொல்லுது. ஆள் வெச்சு ஊதாவுல எழுதியிருக்காங்க, போய்ப் பாரு. நல்லதுதான். அடுத்த வருஷம் அவங்களே செஞ்சு அவங்களே எரிச்சுக்குவாங்க. நாம பாத்துட்டுக் கை தட்டினாப் போதும்."

"பட்டா தர்றாங்க."

"தரட்டும். வாங்கிக்க. நான் வேண்டாம்னா சொன்னேன்?" மாவுக் கையை ஏப்ரானில் துடைத்தாள். அவளுடைய ஏப்ரானும் ஊதாதான். "ஒப்துலியாவோட கதவுச் சட்டம் இன்னும் என் கொல்லையிலதான் கிடக்கு. அதையும் வேணா வயித்துல போட்டு எரி."

டப்பா காலியாகவே வீடு திரும்பியது.

நாணலை வளைத்து நிகனோர் சட்டம் கட்டினார். கால் இரண்டும் தனி, வயிறு தனி, தலை தனி. பரணிலிருந்து இறக்கிய அச்சில் மீசையை அவர் அடைத்துவிட்டதால் கசில்தா காகிதத்தை முறுக்கி வேறு மீசை செய்தாள். அது பழையதைவிடப் பெரிதாக வந்தது. அழிக்கச் சொன்ன இருநூறு முகமும் கொடியிலேயே தொங்கின. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்கு எல்லோரும் கோயிலுக்குப் போனார்கள். கசில்தாவுக்கு முழங்கால் வலி என்று நிகனோர் மட்டும் போனார்.

திரும்பி வந்தபோது கொடிகள் காலியாக இருந்தன. யூதாசின் வயிறு ஒட்டி மூடப்பட்டு, பசை காய்ந்துகொண்டிருந்தது. ஊதாத் துணிப்பெட்டிகள் எங்கும் கண்ணில் படவில்லை. அவள் வெல்லப்பாகில் ரொட்டித் துண்டு ஊறவைத்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை, தெருவின் குறுக்கே இரண்டு கம்பங்களுக்கு நடுவில் பொம்மையைக் கட்டித் தூக்கும்போது நிகனோர் கயிற்றை இழுத்து நிறுத்தினார்.

"துணிக்கு இந்தக் கனம் இருக்காதே."

"நல்ல துணி," என்றாள் கசில்தா.

அவர் அவளைப் பார்த்தார். காலி மேடையையும், அதன் மேல் நாற்காலிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்த தன் தம்பியையும் பார்த்தார். எதையோ சொல்ல வாயைத் திறந்து, பிறகு குனிந்து, கயிற்றுக்கு இன்னொரு முடிச்சுப் போட்டார்.

*

பதினோரு மணிக்குத் தெரு நிறைந்துவிட்டது. ஐஸ்காரன், செம்பருத்திப் பூத் தண்ணீர் விற்கிறவள், கேமராக்கள், ஊதாத் தொப்பிகள். மேடையில் நகராட்சிச் செயலாளர் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். நாலு மீட்டர் ஊர்கீசா கோட்டும் டையும் மீசையுமாகக் காற்றில் மெல்லத் திரும்பியபோது, முன்வரிசைக் கிழவர்கள் சிலர் பழக்கத்தில் துப்பினார்கள்.

லாந்தேரோஸ் சுருக்கமாகப் பேசினார். இந்தத் தெருவுக்கு நடந்த அநியாயம் தன் குடும்பத்தின் பெயரால் நடந்தது, அதனால்தான் அந்தப் பெயரை விட்டேன் என்றார். கைதட்டல் இருந்தது, அதிகம் இல்லை. வாணக்காரர் நீளமான கழியில் நெருப்பு வைத்துக் கொடுத்தார். லாந்தேரோஸ் அதை வாங்கித் திரியில் வைத்தார்.

முதலில் கால்கள் வெடித்தன. பிறகு கைகள். தலை தனியாகச் சுழன்று, மீசையிலிருந்து புகை விட்டு, தந்திக்கம்பி வரை எழும்பி விழுந்தது. கூட்டம் உறுமியது. கடைசியாக வயிறு.

ஊதாத் துணியை எதிர்பார்த்துக் கைகளை விரித்து நின்றவர்கள் மேல் முகங்கள் கொட்டின. கிண்ணம் போல ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருந்தவை காற்றில் பிரிந்து பிரிந்து இறங்கின. வெளுத்த தோல், கருப்புக் கண், சவரம் செய்த மேலுதடு. சிலதின் ஓரத்தில் நெருப்பு பிடித்திருந்தது. சிலது மல்லாந்து விழுந்து மேடையைப் பார்த்துச் சிரித்தன. அப்பனின் வயிற்றிலிருந்து மகன் விழுந்து முடியவே ரொம்ப நேரம் ஆனது போலிருந்தது.

எங்கோ ஒருவன் சீழ்க்கை அடித்தான். இன்னொருவன் ஒரு முகத்தை எடுத்து, பக்கத்தில் புகைந்துகொண்டிருந்த ஊர்கீசாவின் தலைக்கு அருகே பிடித்துப் பார்த்தான். தாடைக்குத் தாடை. சிரிப்பு அந்த இடத்திலிருந்துதான் கிளம்பியது. அது நல்ல சிரிப்பு இல்லை.

எலோதியா கீழே குனிந்து ஒன்றை எடுத்தாள். ஏப்ரானில் தூசி துடைத்தாள். கழியைப் பிடித்தபடி நின்ற வேட்பாளரிடம் நடந்துபோய் இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினாள்.

"லிசென்சியாதோ, உங்க முகம். கீழ விழுந்துடுச்சு."

அவர் வாங்கிக்கொண்டார். வாங்குவதைத் தவிர அந்தக் கைகளுக்கு வேறு எதுவும் தெரியவில்லை. கேமராக்கள் எல்லாம் அதைத்தான் எடுத்தன.

மேடையில் செயலாளர் பேனாவை மூடினார். ஹிமேனா ஊதாக் கோப்பைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். கசில்தாவுக்குப் பக்கத்தில் அபுந்தியோ வந்து நின்றான். அவன் கண்கள் சிவந்திருந்தன, புகையாகவும் இருக்கலாம்.

"என் வீட்டையும் சேர்த்து எரிச்சுட்டீங்க அண்ணி."

அவன் சொன்னதில் தப்பு எதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

*

திங்கட்கிழமை நகராட்சி ஆட்கள் இரண்டு பேர் வந்து வாசல் சுவரில் சிவப்பு மையால் பெரிதாக 8 என்று எழுதிவிட்டுப் போனார்கள். எதற்கென்று கேட்டதற்கு அளவு எடுக்க என்றார்கள். பதினோராம் நம்பர் சுவரில் எதுவும் எழுதவில்லை. அதன் கதவை அபுந்தியோ தண்டவாளத் தெருப் பக்கம் திறப்பதை நிறுத்திவிட்டான். கசில்தா முகமூடிக்கு மிஞ்சிய வெள்ளையை எடுத்து எட்டின் மேல் பூசினாள். காய்ந்ததும் சிவப்பு மறுபடி தெரிந்தது. இன்னொரு பூச்சுப் பூசினாள்.

செவ்வாய்க்கிழமை சாப்பிடும்போது நிகனோர், "என் பேரைப் பிழையில்லாம எழுதியிருந்தாங்க" என்றார். பிறகு ரொட்டியைக் கேட்டார்.

அன்று மத்தியானம் கதவு தட்டப்பட்டது. எதிர்க்கட்சி ஆள், சுத்தமான சட்டை, வேர்த்த நெற்றி, தோளில் அட்டைப்பெட்டி. மேசையில் இறக்கினார். பச்சை ஏப்ரான், பச்சைத் தொப்பி. தையல் அதேதான், ஒரே தொழிற்சாலைத் துணி.

"தோன்யா, சனிக்கிழமை வீடியோவை ஊரே பாத்துடுச்சு. எங்க வேட்பாளர் உங்களை ரொம்ப மெச்சினாரு. அவருக்கு ஒரு முன்னூறு முகம் செய்யணும். இந்தத் தெரு விஷயமும் அவர் மனசுல இருக்கு." வண்ணப்படத்தை விரித்தார். வழுக்கை, கண்ணாடி, குழிவிழுந்த கன்னம். "பேரு தமாசோ. ஜனங்க அப்படித்தான் கூப்பிடுவாங்க, வெறும் தமாசோ."

கசில்தா படத்தை வாங்கவில்லை. நிகனோரைப் பார்த்தாள். அவர் எழுந்து, ஏணியைப் பரணில் சாத்தினார்.

"அடுப்புல பசை இருக்கு, நான் கையை எடுக்க முடியாது," என்றாள். "நீங்க அங்கயே நின்னு சொல்லுங்க. அப்பா வீட்டுப் பேரு முதல்ல, அம்மா வீட்டுப் பேரு அப்புறம். ரெண்டையும்."